தொடாதீங்க அங்கிள்

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜொகூரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன விமானத் திடலில், அங்கிள் தன் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை நான் சோதித்து முடித்தேன்.

2. “முடிஞ்சிருச்சு. இனிமே யாரும் தொடக்கூடாது” என்று சொன்னேன்.

3. “சரிம்மா” என்றார் அங்கிள்.

4. நான் கை கழுவப் போனேன்.

5. அங்கிள் தொட்டார்.

6. முதலில் அவர் தனியாக ஒரு சுற்றுப் பறந்து வருவது, அடுத்த சுற்றில் ஆன்ட்டியை ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. தரையில் ஓடும்போது வேகமானியின் முள் அசையவே இல்லை. மேலே ஏறியதும் அதே முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டும் பொய்.

7. எப்படியோ இறங்கினார்.

8. ஆன்ட்டி ஏறவில்லை.

ஐந்தாவது வரிதான் அங்கிள். மற்ற ஏழும் சூழ்நிலை.

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், எங்கள் மாடியிலேயே, எங்களுக்கு மூன்றாவது வீடு அவருடையது. ஏர்கான் பழுதுபார்ப்பது தொழில். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சந்துக்குள் சின்னதாகக் கடை வைத்திருந்தார். அங்கிளின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் மனைவி, அதாவது ஆன்ட்டி, சொல்லிவிட்டார். “பேரப் போட்டா பழைய கஸ்டமர் எல்லாம் எனக்குப் போன் பண்ணி, ஆமா ஆமா, எங்க வீட்லயும் அப்படித்தான்னு ஆரம்பிச்சிருவாங்க.”

அவர் வேலை செய்த வீடுகளில் நடந்தது எல்லாம் ஒன்றுதான். வடிகட்டியைக் கழுவி மாட்டுவார். மூடியைப் போடுவார். தரையில் சொட்டிய தண்ணீரை அவரே துடைப்பார். பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டுவார். அப்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்.

“ஒரு சத்தம் கேக்குதுல்ல?”

யாருக்கும் கேட்காது.

“ஒரு சின்ன வேலைதான்மா.” செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து ஏணியை விரிப்பார். எங்கள் அம்மா சொல்வார், “அவரக் கூப்பிட்டா ஏர்கான் நல்லாக் குளிரும். ஆனா அவரு போகமாட்டாரு. ராத்திரிக்கு அவருக்கும் சேத்து அரிசி போட்ரணும்.”

அவர் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரை இரண்டாம் நாளே பிரித்துவிட்டார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த குக்கர். ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டதற்கு, “இன்னும் நல்லா வேல செய்யும்” என்றாராம். அதன் பிறகு அது சாதத்தை வேகவைத்ததே தவிர, வெந்து முடிந்ததும் நிற்க மறந்துவிட்டது. ஆன்ட்டி சுவரிலிருந்தே ஸ்விட்சை அணைக்கப் பழகிக்கொண்டார்.

நான் விமானப் பராமரிப்பு படித்து முடித்து சிலேத்தாரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்தூக்கியில் என்னைப் பிடித்தார். எண்ணெய் படிந்த என் கால்சட்டையையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்தார்.

“பிளேன் வேலையா?”

“ஆமா அங்கிள்.”

“ரிவெட் அடிப்பியா?”

“அடிப்பேன்.”

“வா.”

ஏதாவது பொம்மை விமானமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிஜ விமானத்தின் வால் நின்றது. ஆன்ட்டி சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, வாலுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். “வாம்மா. பாத்து, அது குத்தும்” என்று மட்டும் சொன்னார்.

துளையிட்ட அலுமினியத் தகடுகளும் ஒரு தடித்த செய்முறைப் புத்தகமும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அந்த வகை விமானம் அது. உலகத்தில் பலபேர் அதைப் புத்தகத்தில் உள்ளபடி கட்டி, பறந்து, நன்றாகத்தான் இருக்கிறார்கள். அங்கிளுக்குப் புத்தகத்தின்மேல் நம்பிக்கை இல்லை. “புக்குல போட்டிருக்கிறது மினிமம்மா” என்பார். மினிமம் என்றால் அவருக்கு அவமானம்.

இறக்கைப் பெட்டி வீட்டுக்குள் நுழையவில்லை. தாழ்வாரச் சுவரோடு சாய்த்து வைத்தார். சில நாளில் பொதுவழித் தடங்கல் என்று டவுன் கவுன்சில் ஒட்டுத்தாளை ஒட்டியது. வேறொருவராக இருந்தால் பெட்டியை எடுத்திருப்பார். இவர் பெட்டியின் ஓரத்தைச் செதுக்கி, வழியை அளந்து, அதிகாரியை வரச் சொல்லிப் போன் செய்தார். வந்தவர் ஓர் இளைஞர்.

“அங்கிள், இது என்ன?”

“இறக்கை.”

“எதோட இறக்கை?”

“பிளேனோட.”

“பிளேன் எங்க இருக்கு?”

“உள்ள. பாதி.”

அவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, எந்தப் பிரிவில் எழுதுவதென்று தெரியவில்லை என்றார். கடைசியில் மிதிவண்டி என்ற பிரிவில் எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் அங்கிள் கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணைக்குப் பின்னால் கொட்டகை வாடகைக்கு எடுத்தார். அவருக்கு வெட்கம் வரவில்லை. ஆன்ட்டிக்கு சோபா திரும்ப வந்தது. அவ்வளவுதான் லாபம்.

என் விடுமுறை நாள்கள் கிராஞ்சிக்குப் போயின. பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடம். ஏணி கட்டிய அவருடைய வேனில்தான் போவோம். அவர் நல்ல வேலைக்காரர் என்பதைச் சொல்ல வேண்டும். கை சுத்தம். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி வரிசை நூல் பிடித்தாற்போல் இருக்கும். எங்கள் பட்டறையில் அப்படி அடிப்பவர்கள் இரண்டு பேரைக் காட்டலாம். அவர் சரியில்லாத வேலைக்காரராக இருந்திருந்தால் எனக்கு எரிச்சலே வந்திருக்காது; முதல் வாரமே விலகியிருப்பேன். சரியாகச் செய்ததை மறுபடி பிரிக்கிறவரை என்ன செய்வது?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று அளவு இருக்கும். அளந்து காட்டும் ஸ்பேனரால் இறுக்கியதும், நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சால் ஒரு கோடு போடுவோம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பிறகு யாராவது நட்டைத் திருகினால் கோடு உடையும். உடையாத கோடு என்றால், சோதித்தவர் விட்டுப் போன நிலையில் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அங்கிளைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல், நான் சோதித்த ஒவ்வொரு நட்டிலும் கோடு போட ஆரம்பித்தேன்.

முதல் சில வாரங்கள் நிறையக் கோடுகள் உடைந்திருந்தன. சண்டை போட்டேன். பிறகு ஒன்றுகூட உடையவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நம்பினேன். வீட்டில் அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் ஆன்ட்டி தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். “தீபாவளிக்கு வாங்குன நெயில் பாலிஷ காணோம்மா. ஆரஞ்சு கலரு. பிங்க் கூட பாதிதான் இருக்கு. வீட்ல நகம் வச்சிருக்கிறது நான் ஒருத்திதான்.”

கிராஞ்சிக்குப் போய் விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தேன். என் கோடுகளில் பாதி என் கோடுகள் இல்லை. பிரித்திருக்கிறார், மறுபடி மாட்டியிருக்கிறார், துடைத்திருக்கிறார், ஆன்ட்டியின் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறார். வெளியே தெரிகிற இடத்தில் ஆரஞ்சு, மறைவான இடத்தில் பிங்க். என்னுடையதைவிட நேராகவே போட்டிருந்தார்.

“எதுக்கு அங்கிள்?”

“நீ கோவிச்சுக்குவல்ல.”

“பிரிச்சா ஏன் பிரிச்சீங்கன்னு கேக்கத்தான் அந்தக் கோடு!”

“அதான் கோடு இருக்குல்ல லா.”

நான் வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஜன்னல் வழியாக ஒரு பாக்கெட் நாசி லெமாக்கை நீட்டினார். பசித்தது. சாப்பிட்டேன். பிறகு இறங்கிப் போய் எல்லா நட்டுகளையும் முதலிலிருந்து அளந்தேன். எல்லாம் சரியான இறுக்கத்தில் இருந்தன.

விமானம் ஒருவழியாக முடிந்து, லாரியில் எல்லைப் பாலத்தைக் கடந்து ஜொகூர் திடலுக்குப் போனது. அங்கே அதைப் பதிந்தார்கள். முறையான ஆய்வாளர் வந்து பார்த்துப் பறக்க அனுமதித்தார். திடலின் பயிற்றுநரும் அங்கிளுமாகச் சோதனைப் பறப்புகளை முடித்தார்கள். அங்கிள் உரிமம் வாங்கியதும் அங்கேதான். சட்டப்படி பார்த்தால் அதன் பிறகு நான் எதற்கும் தேவையில்லை. தேவைப்பட்டது ஆன்ட்டிக்கு.

விமானத்தில் வலது இருக்கை ஆன்ட்டியுடையது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் பேச்சு. உறைத் துணியை ஆன்ட்டியே தேக்கா சந்தையில் தேடி எடுத்தார். ஆன்ட்டி குள்ளம், வெளியே தெரிய வேண்டும் என்று அங்கிள் அந்த இருக்கையை உயர்த்தினார், தலை இடிக்கும் என்று இறக்கினார், பிறகு மறுபடி உயர்த்தினார். கேட்டால் பதில் தெரியும். சின்ன வேலை.

ஆனால் ஆன்ட்டி ஏற மாட்டேன் என்றார். பயந்து சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார். அங்கிளை வைத்துக்கொண்டே, கூடத்தில் திரும்பக் கிடைத்த சோபாவில் உட்கார்ந்து சொன்னார்.

“என்னங்க, உங்களுக்கு ஓட்டத் தெரியும். கட்டவும் தெரியும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் குக்கர என்ன பண்ணீங்க? நல்லா இருந்த குக்கரு.” என் பக்கம் திரும்பினார். “நான் கேக்குறது ஒண்ணுதாம்மா. நீ பாத்து ஓகேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் இவரு தொடாம இருக்கணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள். அன்னிக்கு ஏறுறேன்.”

“அவ்ளோதானா?” என்றார் அங்கிள். ஏதோ ஆன்ட்டி ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் தரச் சொன்ன மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது அப்படித்தான். பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன்பே கடந்துவிட்டோம். ஆன்ட்டி பட்டுப்புடவை, அதற்கு மேல் காற்றுக்குத் தலையில் ஒரு துணி. ஒரு டப்பாவில் குழைத்த சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். புது வண்டிக்குப் பூசை போடாமல் எப்படி ஏறுவது? அதை நான் ஆட்சேபிக்கவில்லை. சோதனைக்கு முன்பே பூசையை முடிக்கச் சொன்னேன். மூக்கில் பொட்டு, கதவில் பொட்டு, சக்கரத்தில் பொட்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சூடம் மட்டும் எரிபொருள் தொட்டியிலிருந்து தள்ளி, புல்லில். எல்லாம் முடிந்த பிறகு நான் துடைக்க வேண்டியதைத் துடைத்து, சோதித்து, கடைசியாக இடது இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயின் சிவப்பு உறையைக் கழற்றினேன். எதிர்க்காற்று அந்தக் குழாயின் துளைக்குள் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் வேகமானி வேகத்தைக் காட்டும். அதற்காகத்தான் உறை, குளவிகூட அதற்குள் போகக்கூடாது.

பிறகு நடந்ததுதான் மேலே இரண்டு முதல் எட்டு வரை.

நான் ஓடுபாதை ஓரத்தில் ஆன்ட்டியோடு நின்றேன். பயிற்றுநர் தன் கைவானொலியை என்னிடம் கொடுத்திருந்தார். விமானம் அழகாகத்தான் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அங்கிளின் குரல் வந்தது, கஸ்டமர் வீட்டில் பேசுகிற அதே குரல்.

“ஏம்மா, ஸ்பீட் ரொம்பக் காட்டுது. ரெட் லைன் தாண்டிருச்சு. மூக்கத் தூக்கிக் குறைக்கவா?”

மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். உண்மையில் வேகம் அதிகமில்லை என்றால், குறைந்துகொண்டே போய் இறக்கை தாங்காத இடத்துக்கு வரும், விமானம் விழும்.

“தூக்காதீங்க! ஓடும்போது முள்ளு எவ்ளோ காட்டுச்சு?”

“பாக்கல.”

“ஏன் பாக்கல?”

“ஆன்ட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

பக்கத்தில் ஆன்ட்டி அப்போதும் அவருக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். குழாயின் வாய் அடைபட்டால், வேகமானி உயரத்துக்குத் தக்கபடி ஏறுமே தவிர வேகத்துக்குத் தக்கபடி ஏறாது. பாடத்தில் படித்ததுண்டு. பார்த்ததில்லை.

“அங்கிள், முள்ளப் பாக்காதீங்க. அது பொய். எஞ்சின் சத்தம் எப்பவும் போல இருக்கா?”

“இருக்கு. காத்து சத்தமும் எப்பவும் போலத்தான் இருக்கு. எனக்கே சந்தேகமா இருந்துச்சு.”

“அப்ப அதையே கேட்டு வாங்க. கொஞ்சம் பவர் வச்சே இறங்குங்க.”

பயிற்றுநர் ஓடிவந்து வானொலியை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் தடவை அங்கிள் உயரமாக வந்து இறங்காமல் போய்விட்டார். ஆன்ட்டியின் கை அப்போதுதான் நின்றது. சந்தன டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை சக்கரம் தரையில் பட்டது, குதித்தது, மறுபடி பட்டது.

நான் ஓடிப் போய் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குழாயின் நுனியில், துளையின் நேர் மேலே, வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காற்றில் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது.

“தொட்டீங்களா?”

“தொடலம்மா. பொட்டுதான் வச்சேன்.”

“அங்கிள்!”

“எல்லாத்துக்கும் வச்சிருக்கு. அது மட்டும் மொட்டையா நின்னுச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சும்மா.”

நான் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். ஆன்ட்டி மெதுவாக நடந்து வந்தார். பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றி அங்கிள் கையில் கொடுத்தார். அவர் குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

“சந்தனம் கொண்டாந்தது நான்தான். அத எங்க வைக்கக்கூடாதுன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும்.” வலது இருக்கையை ஒருமுறை பார்த்தார். “போலாம். ஜாம் ஆயிடும்.”

அங்கிள் அதன் பிறகு பொட்டு வைக்கவில்லை. மற்றதையெல்லாம் தொட்டார். ஏறக்குறைய எல்லா ஞாயிறும் பறந்தார், நன்றாகவே பறந்தார். ஆன்ட்டி எல்லா ஞாயிறும் கூட வந்தார். கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் சோதித்துவிட்டு, கை கழுவிவிட்டு, மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். அந்தக் கேள்வி காத்திருக்கும்.

“தொட்டாரா?”

“தொட்டாரு ஆன்ட்டி.”

ஒரு வாரம் கதவின் கீல். ஒரு வாரம் மிதிகட்டையின் நீளம். ஒரு வாரம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். ஆன்ட்டி எழுந்து தலைத் துணியைக்கூடக் கட்டிவிட்டார். கடைசியில் வலது இருக்கை பெல்ட்டின் பூட்டு கழன்று அங்கிளின் கையில் இருந்தது. “அவளுக்குக் கொஞ்சம் டைட்டா இருக்கும்னு” என்றார். ஆன்ட்டி துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். தொட்டது பெரும்பாலும் நன்மைக்காகத்தான். அதிலும் பாதி, ஆன்ட்டி வசதியாக உட்கார வேண்டும் என்பதற்காக. அதனாலேயே ஆன்ட்டி உட்காரவில்லை. இதை நான் அவரிடம் பலமுறை விளக்கினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார், ஏர்கான் சத்தத்தைக் கேட்பது போல. பிறகு, “கரெக்ட்டுதாம்மா” என்பார். பிறகு ஸ்பேனரை எடுப்பார்.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருதயம். மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது, மேலே உள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்லித் தாதியிடம் ஏணி கேட்டுக்கொண்டிருந்தார். தாதி என்னைப் பார்த்தார். நான், “குடுத்துராதீங்க” என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஆன்ட்டி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்.

“அந்தப் பிளேன் இன்னும் பறக்குமா?”

“பறக்கும் ஆன்ட்டி. பயிற்றுநர் அப்பப்ப எஞ்சின ஓட விடுறாரு.”

“நீ ஒருக்கா பாரு. பாத்து ஓகேன்னா சொல்லு.” தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “இப்பதான் யாரும் தொட மாட்டாங்களே.”

நான் போய்ப் பார்த்தேன். நாள் முழுக்கப் பார்த்தேன். நான் கடைசியாகப் போட்ட கோடுகள் எல்லாம் நேராக, உடையாமல் இருந்தன. எத்தனை வருடமாக இந்தக் கோடுகளுக்காகக் கத்தியிருக்கிறேன்! பார்க்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாக விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். வலது இருக்கைக்கு அடியில், பின்பக்கத்து நட்டில் மட்டும் கோடு பிங்க் நிறத்தில் இருந்தது.

அளந்தேன். சரியான இறுக்கம். அதில்தான் இன்னும் எரிச்சல். துடைக்காமல் பக்கத்தில் என் ஆரஞ்சுக் கோட்டையும் போட்டேன்.

இப்போதைய நிலை இது. விமானம் ஜொகூரில் கொட்டகைக்குள் இருக்கிறது. பறக்கும் நிலையில் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. வருகிற ஞாயிறு, மழை இல்லாவிட்டால், பயிற்றுநர் ஓட்டுவார், ஆன்ட்டி வலது இருக்கையில் உட்காருவார். சந்தனம் கொண்டுவரக் கூடாது என்று சொன்னேன். கொண்டுவருவேன் என்றார். அரைமணி நேரம் பேசி ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். ஒரே ஒரு பொட்டு, அங்கிள் உட்கார்ந்த இடது இருக்கையின் முதுகில். அங்கே துளை எதுவும் கிடையாது.